மறக்கப்பட்ட சண்டைக்களங்கள்

கனடாவில் வசிக்கும் என் மருமகன் சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் பேசியபோது, டெக்கன் 8 என்னும் சண்டை விளையாட்டில் இரவு பகலாக மூழ்கியிருப்பதாகச் சொன்னான். நானும் என் பங்குக்கு, சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் விளையாடிய 'வன் மஸ்ட் போல் 2097' என்ற விளையாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "மாமா, உந்தப் பழசுகளில என்ன இருக்கு? நல்லதெண்டால் ஆக்கள் மறந்திருக்க மாட்டினமே" என்று சிரித்தான்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனாலும் அந்த இரண்டாவது வாக்கியம் என்னை விடவில்லை. நல்லதாயிருந்தால் மறக்கப்பட்டிருக்காது என்ற இந்த எண்ணத்தை இலக்கியம், இசை, நாடகம் என்று பல துறைகளிலும் கேட்டிருக்கிறேன். காலம் பெரிய சல்லடை, நெல் நிற்கும், பதர் பறந்துவிடும் என்பது அதன் உட்பொருள். இந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதைக் காட்டுவதற்குச் சண்டை விளையாட்டுகளைவிடப் பொருத்தமான துறை வேறில்லை என்று நினைக்கிறேன். ஏனெனில், இங்கே சல்லடையை ஆட்டியது காலம் மட்டுமன்று. சந்தை, நீதிமன்றம், பதிப்புரிமைச் சட்டம், ஒரு சிறிய பற்றரி ஆகியனவும் சேர்ந்தே ஆட்டின.

இத்துறையை அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். சண்டை விளையாட்டு என்றவுடன் நம் கண்முன் தோன்றும் வடிவம் ஏறத்தாழ ஒன்றுதான். திரையின் இரு பக்கங்களிலும் இருவர் நிற்பர். மேலே அடி விழவிழக் குறைந்துகொண்டுபோகும் இரு உயிர்க்கோடுகள். நடுவில் ஒரு கடிகாரம். மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றவருக்கு வெற்றி. ஜொய்ஸ்டிக்கைக் குறிப்பிட்ட விதமாகச் சுழற்றிப் பொத்தானை அழுத்தினால் கையிலிருந்து நெருப்பு பறக்கும். 1991ஆம் ஆண்டில் ஜப்பானின் கப்கொம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் பைட்டர் 2' இந்த வடிவத்துக்கு இலக்கணம் வகுத்தது. மறுஆண்டில் வெளிவந்த 'மோர்ட்டல் கொம்பட்'டும், பின்னர் வந்த டெக்கனும் அந்த இலக்கணத்துக்குள்ளேயே தத்தம் வசனங்களை எழுதின. அது சிறந்த இலக்கணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் இலக்கணம் வென்றுவிட்டால், அதற்கு முன்னரும் பக்கத்திலும் இருந்த மற்ற வழிகளெல்லாம் பிழைகள்போல் தோன்றத் தொடங்கிவிடுகின்றன. அந்த வழிகளிற் சிலவற்றைத்தான் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெக்டர்பீம் நிறுவனம் 'வொரியர்' என்ற நாணயம் போட்டு விளையாடும் இயந்திரத்தை வெளியிட்டது. வாளேந்திய இரு வீரர்களை உயரத்திலிருந்து பார்ப்பதுபோலக் கோடுகளால் மட்டுமே வரைந்திருந்தார்கள். இயந்திரத்தோடு தனியாக மோத வழியில்லை. எதிரே இன்னொரு மனிதர் நின்றால்தான் விளையாட்டு. ஸ்ட்ரீட் பைட்டர் 2 வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இது நடந்தது.

1984இல் டெக்னோஸ் ஜப்பான் உருவாக்கி, டேட்டா ஈஸ்ட் வெளிக்கொணர்ந்த 'கராத்தே சாம்ப்' என்ற விளையாட்டில் தாக்குவதற்குப் பொத்தானே கிடையாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஜொய்ஸ்டிக்குகள். இடக்கை ஒரு திசையிலும் வலக்கை ஒரு திசையிலும் சாய, அந்தச் சேர்க்கையிலிருந்து ஓர் உதையோ குத்தோ பிறக்கும். உயிர்க்கோடும் இல்லை. ஓர் அடி சரியாக விழுந்தவுடன் ஆட்டம் நிறுத்தப்பட்டு, நடுவர் அரைப் புள்ளியா முழுப் புள்ளியா என்று தீர்ப்புச் சொல்வார். கண்டபடி பொத்தான்களை அமுக்கி வெல்லும் வித்தை இங்கே பலிக்காது. அடிக்கு முந்திய அந்தக் கணத்தின் காத்திருப்பே விளையாட்டு. உண்மையான கராத்தேப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

அதே 1984இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஜோர்டன் மெக்னர் என்ற மாணவர் அப்பிள் 2 கணினிக்காக 'கராத்தேகா'வை உருவாக்கினார். கராத்தே ஆசிரியர் ஒருவரைச் சுப்பர் 8 படச்சுருளில் படமெடுத்து, அந்தப் படச்சட்டங்களின்மேல் கோடு கோடாக வரைந்து உருவங்களுக்கு அசைவு கொடுத்தார். இசையமைத்தவர் அவருடைய தந்தை. சிறைப்பட்ட இளவரசியை மீட்கக் கோட்டைக்குள் புகுந்து, காவலர்களை ஒருவர்பின் ஒருவராக வெல்லவேண்டும் என்பது கதை. ஓடுவதற்கு ஒரு நிலை, சண்டையிடுவதற்கு ஒரு நிலை என இரண்டு உண்டு. எதிரியின் முன் தலைவணங்குவதற்கும் ஒரு விசை உண்டு. அந்த விசையால் வெற்றிக்குப் பயன் எதுவுமில்லை, ஆனாலும் வைத்திருந்தார்கள். எல்லோரையும் வென்று இறுதியில் இளவரசியின் அறைக்குள் நுழையும்போது, சண்டை நிலையிலேயே அவளை நெருங்கினால் அவள் ஒரே உதையில் நம்மைக் கொன்றுவிடுவாள். விளையாட்டை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். சண்டை முடிந்த பின்னும் முட்டியை மடக்கிக்கொண்டு நிற்பவன் மீட்பனல்லன் என்பதை ஒரு சொல்லும் சொல்லாமல் உணர்த்திய முடிவு அது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் இதைவிடக் கூர்மையான முடிவொன்றை நான் இத்துறையிற் கண்டதில்லை.

பிரித்தானியாவில் ஆர்ச்சர் மக்லீன் என்ற நிரலாளர் கொமடோர் 64 கணினிக்காக 'இன்டர்நஷனல் கராத்தே'யை எழுதினார். 1987இல் அதன் தொடர்ச்சியான 'இன்டர்நஷனல் கராத்தே பிளஸ்' வந்தது. அதன் புதுமை மிக எளிமையானது. களத்தில் இருவருக்குப் பதிலாக மூவர். அந்த ஒரு மாற்றத்தால் சண்டையின் தன்மையே மாறிவிட்டது. ஒருவரை அடித்துக்கொண்டிருக்கும்போது முதுகுப்பக்கம் மற்றவர் நிற்பார். யாரை முதலில் வீழ்த்துவது, எப்போது விலகி நின்று மற்ற இருவரையும் மோதவிடுவது என்ற கணக்கு வந்துவிடும். அரசியற் செய்திகளை எழுதிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். மக்லீன் 2022 டிசெம்பரில் காலமானார். அவருடைய பெயரை இன்றைய இளைஞர் எத்தனை பேர் அறிவர்?

இவ்விடத்தில் ஒரு வழக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். மக்லீனின் முதல் விளையாட்டை அமெரிக்காவில் எபிக்ஸ் என்ற நிறுவனம் 'வேர்ல்ட் கராத்தே சாம்பியன்ஷிப்' என்ற பெயரில் விற்றது. இது தங்கள் கராத்தே சாம்பின் நகல் என்று டேட்டா ஈஸ்ட் வழக்குத் தொடுத்து, கீழ்நீதிமன்றத்தில் வென்றது. ஆனால் 1988இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. இரண்டுக்குமிடையிலான ஒற்றுமைகள் கராத்தே என்ற கலையிலிருந்தே இயல்பாக வருபவை, அவற்றுக்கு எவரும் தனியுரிமை கோரமுடியாது என்றது. இத்தகைய விளையாட்டை வாங்குபவன் சராசரியாகப் பதினேழரை வயது இளைஞன் என்றும், விவரமறிந்த அவன் இரண்டையும் ஒன்றென்று மயங்கமாட்டான் என்றும் நீதிமன்றம் கருதியது. பதினேழரை வயது இளைஞனின் இரசனைக்கு நீதிமன்றமொன்று வழங்கிய மரியாதை என்று இதனைக் கொள்ளலாம்.

கதை அத்துடன் முடியவில்லை. டேட்டா ஈஸ்ட் 1993இல் 'பைட்டர்ஸ் ஹிஸ்டரி'யை வெளியிட்டது. இம்முறை கப்கொம் வழக்குத் தொடுத்தது. இது ஸ்ட்ரீட் பைட்டர் 2இன் நகல் என்பது குற்றச்சாட்டு. முன்பு வழக்காளியாக நின்ற டேட்டா ஈஸ்ட் இப்போது எதிராளி. அன்று அதனைத் தோற்கடித்த அதே தீர்ப்பே இன்று அதற்குக் கைகொடுத்தது. விற்பனையைத் தடைசெய்யவேண்டும் என்ற கப்கொமின் கோரிக்கையை 1994இல் நீதிமன்றம் நிராகரித்தது. சண்டைக்கலையின் பொதுவான அசைவுகளும், இத்துறையில் வழக்கமாகிவிட்ட பாத்திர வகைகளும் எவருக்கும் தனிச்சொத்தாக முடியாது என்பதே அதன் சாரம். கப்கொம் அந்த வழக்கில் வென்றிருந்தால், 1990களில் வந்த நூற்றுக்கணக்கான சண்டை விளையாட்டுகள் வந்திருக்குமா என்பது ஐயமே.

வழக்கினால் 'நகல்' என்ற பட்டமே பைட்டர்ஸ் ஹிஸ்டரிக்கு நிலைத்துவிட்டது. உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. அதில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் மர்ம இடம் உண்டு. ஒருவருக்குத் தலைப்பட்டி, இன்னொருவருக்கு மார்புக் கவசம் என்று அது அவர்களின் உடையிலேயே அமைந்திருக்கும். அவ்விடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால் அப்பொருள் கழன்று விழ, அவர் நிலைகுலைந்து நிற்பார். ஆகவே ஒவ்வொரு எதிரியையும் ஒவ்வோர் உயரத்தில், ஒவ்வொரு கோணத்தில் தாக்க வேண்டியிருந்தது. நகல் என்று தள்ளப்பட்டதற்குள்ளும் ஒரு சொந்தச் சிந்தனை இருந்திருக்கிறது. டேட்டா ஈஸ்ட் 2003இல் வங்குரோத்தாகி மறைந்தது.

மறக்கப்பட்டவற்றுள் ஒன்றை மட்டுமே காப்பாற்றலாம் என்று என்னிடம் சொன்னால், நான் 'புஷிடோ பிளேட்'டைத்தான் எடுப்பேன். லைட்வெயிட் என்ற ஜப்பானிய நிறுவனம் உருவாக்கி, ஸ்குவெயார் நிறுவனம் 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்டது. இதில் உயிர்க்கோடு இல்லை. கடிகாரம் இல்லை. ஆறு பேர், எட்டு ஆயுதங்கள். வாள் சரியான இடத்தில் விழுந்தால் ஒரே வெட்டில் உயிர் போய்விடும். காலில் வெட்டு விழுந்தால் முழந்தாளிட்டபடிதான் சண்டையைத் தொடரவேண்டும். கையில் விழுந்தால் அந்தக் கை தொங்கிவிடும். சண்டை ஒரு மேடைக்குள் அடங்கியதுமன்று. மூங்கிற்காட்டினூடாகவும் கோட்டை முற்றங்களிலும் ஓடித் திரியலாம். இருவர் அரை நிமிடத்துக்கும் மேலாக ஒருவரையொருவர் பார்த்தபடி வாளின் நிலையை மாற்றி மாற்றி நிற்பார்கள். பிறகு ஒரு வீச்சு, எல்லாம் முடிந்துவிடும்.

அதனினும் முக்கியமானது அறம். கதைப் பகுதியில் எதிரியின் முதுகில் வெட்டினாலும், வீழ்ந்து கிடப்பவரைத் தாக்கினாலும், கண்ணில் மண்ணை வீசினாலும் நீங்கள் வெல்வீர்கள். ஆனால் வீரநெறியை மீறிவிட்டாய் என்ற கண்டிப்போடு விளையாட்டு நடுவழியில் நின்றுவிடும். வென்றும் தோற்கும் நிலை. எப்படியாவது வென்றால் போதும் என்பதே பொதுவிதியாக இருக்கும் ஒரு துறையில், எப்படி வென்றாய் என்று கேட்ட விளையாட்டு இது. பரிசுப் போட்டிகளுக்கும் கோப்பைகளுக்கும் இந்தக் கேள்வி ஒத்துவரவில்லை போலும். 1998இல் ஒரு தொடர்ச்சி வந்தது. அதன்பின் அந்த வழியிற் சென்றவர்கள் மிகச் சிலரே.

இனி, மருமகனிடம் நான் சொல்லத் தொடங்கிய விளையாட்டுக்கு வருகிறேன். 1994ஆம் ஆண்டில் இயந்திர மனிதர்கள் மோதும் இரண்டு விளையாட்டுகள் வந்தன. ஒன்று பிரித்தானியாவில் உருவான 'ரைஸ் ஒப் த ரோபோட்ஸ்'. அதன் படங்களின் பளபளப்பைப் பற்றிச் சஞ்சிகைகள் முன்கூட்டியே பக்கம் பக்கமாக எழுதின. வந்தபின் பார்த்தால், தனியாக விளையாடுபவர் ஒரேயொரு இயந்திரத்தைத்தான் தெரிவுசெய்ய முடியும். அசைவுகளும் மிகச் சிலவே. கண்ணுக்கு விருந்து, கைக்கு வேலையில்லை. அது மறக்கப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. பழையது என்பதாலேயே ஒன்று பொக்கிஷமாகிவிடாது.

மற்றையது 'வன் மஸ்ட் போல் 2097'. டைவர்ஷன்ஸ் என்ற சிறு குழுவின் ஆக்கம். வெளியிட்டது எபிக் மெகாகேம்ஸ். இன்று போர்ட்நைட் விளையாட்டால் உலகப் புகழ்பெற்றிருக்கும் எபிக் நிறுவனத்தின் அன்றைய பெயர் அது. ஒரு பகுதியை இலவசமாகப் பரவவிட்டு, பிடித்திருந்தால் பணம் அனுப்பி முழுமையானதைப் பெறும் முறையில் அது உலகெங்கும் கைமாறிச் சென்றது. அப்படித்தான் பிளொப்பித் தட்டில் கொழும்புக்கும் வந்து சேர்ந்தது. பக்கங்கள் அச்சுக்குப் போன பின்னர், கணக்குப் பிரிவிலிருந்த கணினியின் ஒரே விசைப்பலகையில் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு விளையாடினோம். பதினொரு இயந்திரங்கள். அவற்றைச் செலுத்தும் மனிதர்கள் வேறு. எந்த மனிதரை எந்த இயந்திரத்தில் ஏற்றுவது என்பதே ஒரு யோசனை. சுவரில் மின்சாரம் பாயும் களம் ஒன்று, மேலே போர்விமானம் சுட்டுக்கொண்டு போகும் களம் ஒன்று. போட்டித் தொடரில் வென்ற பணத்தைக் கொண்டு இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் வேண்டும், மேம்படுத்தவும் வேண்டும். வென்றாலும் பலத்த சேதத்தோடு வென்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வாடகைக்கு முச்சக்கரவண்டி ஓட்டுபவரின் கணக்கு அது.

ஒருநாள் அந்தக் கணினியின் வன்தட்டை யாரோ துடைத்துப் புதிதாக்கிவிட்டார்கள். விளையாட்டும் எங்கள் போட்டி நிலைகளும் போய்விட்டன. அன்று அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. ஆனால் இந்த விளையாட்டுக்கு நற்பேறு இருந்தது. 1999இல் அதன் உரிமையாளர்கள் முழு விளையாட்டையும் இலவசமாக்கிவிட்டார்கள். ஆர்வலர்கள் அதனை இன்றைய கணினிகளில் இயங்குமாறு திறந்த மூலநிரலாகத் திரும்ப எழுதி வருகிறார்கள். உரிமையாளர் ஒருவர் கையைச் சற்றுத் தளர்த்தினால் ஒரு படைப்பு எத்தனை காலம் வாழும் என்பதற்கு இது சான்று.

அத்தகைய நற்பேறு எல்லாவற்றுக்கும் வாய்க்கவில்லை. சந்தையில் தோற்றதால் மறைந்தவை சில. செத்துப்போன கணினி வகையோடு உடன்கட்டை ஏறியவை சில. நிறுவனம் வங்குரோத்தானபின் உரிமை யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமற் போனவை சில. எல்லாவற்றிலும் விசித்திரமானது, வேண்டுமென்றே சாகும்படி செய்யப்பட்டவை.

1993இல் கப்கொம் அறிமுகப்படுத்திய சி.பி.எஸ். 2 என்ற சுற்றுப்பலகையின் கதை அது. கள்ளப் பிரதிகளைத் தடுப்பதற்காக விளையாட்டின் நிரலை மறையாக்கம் செய்து, அதைத் திறக்கும் சாவியைப் பலகையிலுள்ள ஒரு நினைவகத்தில் வைத்தார்கள். அந்த நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது ஒரு சிறிய பற்றரி. சில ஆண்டுகளில் பற்றரி வலுவிழந்ததும் சாவி அழிந்துவிடும். பலகையில் எந்தப் பழுதும் இராது. ஆனால் விளையாட்டு மீண்டும் எழாது. ஆர்வலர்கள் இதற்குத் 'தற்கொலைப் பற்றரி' என்று பெயர் வைத்தார்கள். பணம் கொடுத்து வாங்கியவரின் சொத்து அவர் கண்முன்னாலேயே, அவர் எந்தத் தவறும் செய்யாமலே இறந்துபோனது. 2001இல் இந்த மறையாக்கத்தை ஆர்வலர்கள் முதன்முதலாக உடைத்தார்கள். 2016இல் எடுவார்டோ குரூஸும் அவருடைய தோழர்களும், இறந்த பலகைகளுக்குச் சாவியைத் திரும்ப எழுதும் முறையைக் கண்டறிந்து எல்லோருக்கும் வெளிப்படுத்தினார்கள். இவர்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை. நம்மிடையே 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் திட்டத்தில் பழைய ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக மின்வடிவாக்கி வரும் தன்னார்வலர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். துறை வேறு, மனம் ஒன்று.

கப்கொமின் அடுத்த பலகையில் 1996இல் வந்தது 'ரெட் ஏர்த்'. ஜப்பானில் அதன் பெயர் வோர்சாட். தெரிவுசெய்யக்கூடிய வீரர்கள் நான்கே பேர். எதிரிகளோ திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் பூதங்கள். வெல்ல வெல்ல அனுபவம் கூடி வீரர் வளர்வார். நாணயம் போட்டு விளையாடும் இயந்திரத்தில் அதுவரை வளர்ந்த வளர்ச்சியை மறுநாள் தொடர்வதற்கு ஒரு கடவுச்சொல்லை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இத்தகைய படைப்பு இருபத்தைந்து ஆண்டுகளாக எந்த வீட்டுக் கருவியிலும் வெளிவரவில்லை. 2022 ஜூனில் வெளியான கப்கொம் சண்டை விளையாட்டுத் தொகுப்பில்தான் முதன்முறையாகக் கிடைத்தது. இருபத்தைந்து ஆண்டுகள் அது மறக்கப்பட்டிருந்தது என்றால், யார் மறந்தார்கள்? விளையாட வழியில்லாதவனை மறதிக்காரன் என்று சொல்வது எந்த நியாயம்?

நிலைமையின் அளவை ஓர் ஆய்வு காட்டுகிறது. அமெரிக்காவிலுள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று அமைப்பு 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2010க்கு முன்னர் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. அவற்றை நூலகங்கள் ஆய்வாளர்களுக்கு இணையவழியில் வழங்க அனுமதிக்கும்படி விடுக்கப்பட்ட கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் மறுத்துவிட்டது. அனுமதித்தால் பொழுதுபோக்குக்காக விளையாடுவார்கள், சந்தை பாதிக்கப்படும் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

உரிமையாளர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில், படைத்தவனுக்கு அதன் பயன் சேரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. விற்பனையில் இருப்பதைத் திருடி விளையாடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். ஆனால் விற்கவும் மாட்டேன், வைத்திருப்பவரைக் கொடுக்கவும் விடமாட்டேன் என்பது வேறு விடயம். வைக்கோற் பட்டடை நாயின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். இத்தனை ஆண்டுகள் விற்பனையில் இல்லாதிருந்தால், நூலகங்கள் அதனை வைத்திருந்து வழங்கலாம் என்று சட்டம் ஒரு வரம்பு வகுக்கவேண்டும். இதுவே என் கருத்து.

இன்னுமொரு மறுப்பையும் எதிர்பார்க்கிறேன். ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தும் விளையாட்டுகளைக் காப்பாற்றி என்ன பயன் என்று கேட்பீர்கள். மெய்யான வன்முறையைக் கண்டவர்கள் நாம். ஆகவே அக்கேள்வியை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன். பெண்களை அரைகுறை ஆடையிலும், பிற நாட்டவரைக் கேலிச்சித்திரமாகவும் காட்டிய விளையாட்டுகள் இத்துறையில் ஏராளம் என்பதும் உண்மை. அவற்றையும் பாதுகாக்கவேண்டும், பாராட்டவேண்டியதில்லை. ஆனால் வீழ்ந்தவனை வெட்டாதே என்ற புஷிடோ பிளேட்டும், மடக்கிய முட்டியோடு வராதே என்ற கராத்தேகாவும் இதே துறையிலிருந்துதான் வந்தன. வன்முறையைப் பற்றிக் கேள்வி கேட்ட விளையாட்டுகள் மறைந்து, கேள்வி கேளாதவை மட்டும் எஞ்சுவது யாருக்கு நன்மை?

நம்பிக்கை தரும் செய்திகளும் உள்ளன. விஸ்கோ நிறுவனம் 1990களில் வெளியிட்டு அதிகம் கவனிக்கப்படாத 'பிரேக்கர்ஸ்' விளையாட்டுகளைப் பிரேசிலைச் சேர்ந்த கியூபைட் நிறுவனம் 2023இல் முறையாக மறுவெளியீடு செய்தது. அதே ஆண்டில் வெளிவந்த 'த மேக்கிங் ஒப் கராத்தேகா' ஒரு விளையாட்டை எவ்வாறு ஆவணமாக்கலாம் என்பதற்கு இலக்கணமாக அமைந்தது. மூல விளையாட்டோடு, மெக்னரின் ஆரம்ப முயற்சிகளையும் வரைவுகளையும் தந்தையும் மகனும் பேசும் நேர்காணல்களையும் அதில் காணலாம்.

தொலைவும் இப்போது தடையில்லை. 2006இல் டோனி கனன் என்பவர் உருவாக்கிய ஒரு நுட்பம் இதற்கு வழிவகுத்தது. எதிராளியின் அடுத்த அசைவு வந்து சேரும்வரை காத்திராமல், அது இன்னதாக இருக்கும் என்று ஊகித்து விளையாட்டை நகர்த்தும். ஊகம் பிழைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னோக்கிச் சென்று திருத்திக்கொள்ளும். 2019இல் அவர் அதனை எல்லோருக்கும் இலவசமாக வழங்கினார். அண்ணன் ஒரு கண்டத்திலும் தம்பி ஒரு கண்டத்திலுமாகச் சிதறிக் கிடக்கும் குடும்பங்கள் நம்மிடம் எத்தனை! ஒரே விசைப்பலகையில் தோள் இடித்து விளையாடியவர்கள், பக்கத்தில் நின்று சண்டையிடுவதுபோல் இன்று மீண்டும் மோதலாம்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பழைய விளையாட்டுகளில் ஒன்றைத் தேடிப் பிடித்து ஒரு மாலைப்பொழுதைக் கொடுங்கள். முதல் அரைமணி நேரம் அலுப்பாயிருக்கும். விரல்கள் இன்றைய பழக்கத்தைத் தேடும். அதைக் கடந்துவிட்டால், வேறொரு மனிதர் வேறொரு விதமாகச் சிந்தித்திருக்கிறார் என்பது கைக்குத் தெரியவரும். படித்தோ படம் பார்த்தோ அறியக்கூடியதன்று அது. விளையாடும்போது மட்டுமே உயிர்பெறும் கலை என்பதால்தான், விளையாட முடியாமற் போவது அதற்கு மரணமாகிறது.

மருமகனுக்குக் கராத்தேகாவின் அந்த மறுவெளியீட்டை வாங்கும்படி சொன்னேன். முடிவைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. மூன்று நாட்களின் பின் இங்கே நள்ளிரவில் தொலைபேசி அலறியது. "மாமா, எல்லாரையும் வெண்டு உள்ள போனன். அந்தப் பெட்டை ஒரே உதையில என்னைச் சாக்காட்டிப்போட்டாள்!"

"கையை மடக்கிக்கொண்டே போனனீ?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பொறுங்கோ மாமா, திருப்பி விளையாடிப்போட்டு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டான்.